எஸ்தோனியாவில் பிறக்காத குற்றம்

ஆவடியில் டாங்கிக்கு இருக்கும் மரியாதையே தனி. 2001இல் ரஷ்யாவுடன் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். ஒரு பகுதி முழு வண்டியாக வந்தது, மீதி பாகங்களாக வந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. அடுத்த கட்டமாக நாமே தயாரிக்க வேண்டும். அதற்கான தொழில்நுட்பக் காகிதங்கள் வந்து இறங்கின, ரஷ்ய மொழியில். அவற்றை ஆங்கிலமாக்கப் பட்ட பாடும் தாமதத்துக்கு ஒரு காரணம். உள்நாட்டில் தயாரான முதல் 10 டாங்கிகள் 2009 ஆகஸ்டில்தான் வெளியே வந்தன. அதில் நான் குறை காணவில்லை. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்று குத்துமதிப்பாக முடிவு செய்து டாங்கி கட்ட முடியாது.

குத்துமதிப்பெல்லாம் மனிதர்களுக்குத்தான். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் பட்டரவாக்கம். இறங்கி நடந்தால் 1964 முதல் இயங்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே பட்டறை பட்டறையாக, தகடு வெட்டும் பவர் பிரஸ். சில ஜெர்மனியிலிருந்து வந்தவை, சில இத்தாலியில் ஓடி ஓய்ந்து செகண்ட் ஹேண்டில் கடல் தாண்டியவை. மெஷின் மேல் மஞ்சள் பட்டையில் 'ஆக்டுங்' என்று எழுதியிருக்கும். எச்சரிக்கிறது போலிருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதன் மேல்தான் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். இயக்க வேண்டிய முறையைச் சொல்லும் புத்தகம் ஆங்கிலத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மேனேஜரின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

இதே மெஷினை எஸ்தோனியாவில் விற்றால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு இயந்திர விதி, மெஷின் எந்த நாட்டில் இறங்குகிறதோ அந்த நாட்டு ஆட்சிமொழியில் கையேடு கூடவே வர வேண்டும் என்கிறது. எஸ்தோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். அந்த 13 லட்சம் பேரின் மொழியில் கையேடு இல்லாமல் ஜெர்மன்காரன் அங்கே ஒரு பிரஸ்ஸை விற்க முடியாது. 2011 கணக்கிலேயே 7 கோடியைத் தாண்டிய தமிழ்நாட்டில் விற்கலாம். நாம் செம்மொழிக்காரர்கள், எச்சரிக்கை இல்லாமலே பிழைத்துக்கொள்வோம் என்று நம்பிக்கை. பர்ச்சேஸ் ஆர்டரில் 'தமிழ்க் கையேடும் சேர்த்து' என்று ஒரு வரி எழுத எந்தச் சட்டமும் முதலாளியைத் தடுக்கவில்லை. விலையில் அரை சதவீதம் குறைக்க ஆறு மாதம் மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த ஒரு வரிக்குத்தான் மை தீர்ந்துபோகிறது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. பிரிவு எண் 108. நம் ஊரில் 108 என்றால் ஆம்புலன்ஸ்தான்.

தில்லி மட்டும் யோக்கியமா? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் கொடுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசு மொழிபெயர்க்க உட்காரவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது.

"தமிழ்ல டெக்னிக்கல் வார்த்தை எங்க சார் இருக்கு?" என்பார்கள். கலைச்சொல் தொகுக்க அரசு அலுவலகங்கள் இருக்கின்றன, அவை தம் பாட்டுக்குச் சொல் விளைவிக்கின்றன. டை, பஞ்ச், ஸ்ட்ரோக் என்று பட்டறைப் பையனிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. தவிர, 'பாதுகாப்பு கார்டைக் கழற்றாதே, கையை உள்ளே விடாதே' என்று எழுத எந்த வல்லுநர் குழு கூட வேண்டும்? இப்போது புதிதாக ஒரு சாக்கு: "வேலைக்கு வர்றவனெல்லாம் ஒடிசா, பீகார் சார், தமிழே தெரியாது." என்னவோ இதுவரை சுவரெல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்த மாதிரி. அவனுக்கு ஒடியாவில், இந்தியில் எழுதுவதை யார் தடுத்தார்கள்?

மொழிபெயர்க்கவே தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். விரல் போய், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவனிடம் ஒரு கடிதம் வரும். 'எச்சரிக்கைகளை நன்கு அறிந்திருந்தும் எனது கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது.' சுத்தமான தமிழ், ஒற்றுப்பிழைகூட இராது. ஒடிசாப் பையன் என்றால் படித்துச் சொல்லவும் ஆள் வரும். வலது கை கட்டில் இருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை போதுமாம்.