ஆம்பூர் நகமும் ஆணையத்தின் மையும்: ஓர் ஆய்வு

நக வளர்ச்சியை அளக்க உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. வில்லியம் பென்னட் பீன் என்ற அமெரிக்க மருத்துவர், தம் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் மாதம் பிறந்ததும் அரத்தால் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு நகர்ந்து வரும்வரை காத்திருப்பார். இப்படியே 35 ஆண்டுகள். முடிவு 1980இல் அச்சேறியது: 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டரோடு நின்றுகொண்டது. ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஆள், விரலும் ஒன்றுதான். புள்ளியியல்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்கும் வாய்ப்பு வேலூர் மக்களவைத் தொகுதிக்குக் கிடைத்தது. தொகுதிக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

2019 ஏப்ரல் 18 அன்று தமிழ்நாடு வாக்களித்தது. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்ட விவகாரத்தால் வேலூர்த் தேர்தல் மட்டும் இரண்டு நாள் முன்னதாக ரத்தாகியிருந்தது. ஆனால் அதே தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் குறித்தபடி நடந்தது. ஒத்திவைத்த மக்களவைத் தேர்தல் ஆகஸ்ட் 5இல் வந்தது. ஆக, 109 நாள் இடைவெளியில் ஆம்பூர்க்காரர் விரலுக்கு இரண்டு மை. பக்கத்திலேயே இருக்கும் வாணியம்பாடிக்காரருக்கு ஒன்று. அணைக்கட்டு, கே.வி.குப்பம், வேலூர் வாக்காளர்களுக்கும் ஒன்றுதான். ஆய்வுக் குழு, ஒப்பீட்டுக் குழு என்று ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு வகுப்பதைத் தேர்தல் ஆணையம் போகிறபோக்கில் வகுத்துவிட்டது.

மையும் லேசுப்பட்டதல்ல. 1962 பொதுத்தேர்தலில் இருந்து மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் தயாரித்துத் தரும் அந்தத் திரவத்தில் வெள்ளி நைட்ரேட் உண்டு. தோலில் பட்டது சில வாரத்தில் உரிந்து போகும். நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். இடது சுட்டுவிரலில், நக நுனியிலிருந்து முதல் கணுவரை கோடாக இழுப்பதால் நகத்தின் அடியும் தப்பாது. பீனின் அரம் செய்த வேலையை இங்கே ஒரு குச்சி செய்கிறது, அதுவும் அரசுச் செலவில்.

இனி கணக்கு. பீனின் வேகத்தில் 109 நாளில் 32 வயதுக்காரரின் அடிக்கோடு 13.4 மில்லிமீட்டர் நகரும். 67 வயதுக்காரருடையது 10.4. சுட்டுவிரல் நகத்தின் நீளமே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஷூ கம்பெனிகள் நிறைந்த ஆம்பூரில், கம்பெனிக்குப் போகிற மகனின் ஏப்ரல் மை நகவெட்டியோடு போயிருக்க, அப்பாவின் மை நுனியில் தொக்கி நிற்கும். ஏற்கெனவே மை உள்ள விரலோடு வருபவரை வாக்களிக்க விடக்கூடாது என்கிறது விதி. தேர்தல்கள் நெருங்கி வந்தால் வேறு விரலில் வைக்கச் சொல்லி ஆணையம் சமாளிப்பதுண்டு. ஆனாலும் முதியோரின் நகம் மெல்ல வளரும் என்ற சங்கதி அந்த விதியை எழுதியவர்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

இஸ்லாமியப் பெண் வாக்காளர்களிடம் இன்னொரு சான்றும் உண்டு. அந்த ஆண்டு ரமலான் பெருநாள் ஜூன் 5. பிறை பார்த்த இரவில் இட்ட மருதாணி நகத்தின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் 5க்குள் அதற்குக் கீழே இளம்பெண்ணுக்கு ஏழரை மில்லிமீட்டரும், பாட்டிக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவாகவும் நிறமேறாத நகம் முளைத்திருக்கும்.

ஆட்சேபணைகள் வரும். பீன் அளந்தது கட்டைவிரல். மை வைப்பது சுட்டுவிரலில். விரல்களில் வேகமாக வளர்வது நடுவிரல் நகம், மந்தமானது சுண்டுவிரலுடையது. புழங்கும் கை சற்று முந்தும் என்பதால் வலக்கைக்காரரின் இடக்கை பின்தங்கும். கர்ப்ப காலத்தில் வேகம் கூடும். கடும் காய்ச்சல் வந்தால் வளர்ச்சி தடைப்பட்டு, நகத்தில் குறுக்கே பள்ளம் விழும். தோல் பதனிடும் டேனரித் தொழிலாளர் நிலை தனி. தோலிலிருந்து முடியைக் கரைக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள்; அது கரைப்பது முடியின் கெரட்டினை. நகமும் அதே சரக்கு. கையுறை இல்லாதவரின் நகத்தில் மையைத் தேடுமுன் நகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பிரியாணியால் நகம் வேகமாக வளருமா என்று ஆராயத் தன்னார்வலர்கள் ஆம்பூரில் ஏராளம்.

ஆணையத்துக்கு ஒரு பரிந்துரை. கால் நகம் கை நகத்தின் பாதி வேகத்தில்தான் வளர்கிறது. அங்கே மை வைத்தால் இரு மடங்கு காலம் நிற்கும். வெளிநாட்டுக் கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். லேஸ் அவிழ்த்துக் கட்டுவதற்காக வாக்குப்பதிவை மட்டும் ஒரு மணி நேரம் நீட்டிக்க வேண்டியிருக்கும்.