காலி நாற்காலியின் இருப்பியல்: நெல்லை மாநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசு அலுவலகத்தில் ஆள் இல்லாத நாற்காலியைக் காலி என்பது பாமரர் கொள்கை. ஆய்வுலகம் அதை ஏற்பதற்கில்லை. சாய்மானத்தில் ஒரு துண்டு, தலைக்கு மேல் ஓடும் ஃபேன், மேசையில் மூடாத பேனா, பாதி குடித்த டீ ஆகிய நான்கும் கூடிய இடத்தில் அதிகாரி இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அவர் கண்ணில் படாதது மனு கொண்டுவந்தவரின் பார்வைக் கோளாறு. வருகைப் பதிவேடும் இதையே சொல்கிறது.

வாய்மொழிச் சான்றும் உண்டு. "சார் இப்பந்தான் எந்திச்சுப் போனாவ அண்ணாச்சி." காலை பத்தேகாலுக்குக் கேட்டாலும் மாலை நாலரைக்குக் கேட்டாலும் அவர் இப்பந்தான் போயிருக்கிறார்.

எங்கே போனார் என்பது பருவத்தைப் பொறுத்தது. மே, ஜூனில் ஜமாபந்தி. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். இடையில் தேர்தல், வாக்காளர் பட்டியல், மந்திரி வருகை. திங்கட்கிழமை என்றால் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள். குறையைத் தீர்க்க வேண்டியவர் குறை கேட்கும் கூட்டத்துக்குப் போய்விடுவதால், அன்று இங்கே வருபவரும் பஸ் ஏறி அங்கே போய் மனுக் கொடுக்கிறார். அந்த மனு 'உரிய நடவடிக்கைக்காக' இதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோதும் நாற்காலிகள் காலிதான். அதை மட்டும் ஆய்வாளர் கணக்கில் சேர்க்கவில்லை. முகாமில் நின்றவர்களும் இதே ஆட்கள்தானே.

வரலாற்றுக்கு வருவோம். 1980 வரை கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில், பெரும்பாலும் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது. திண்ணைக்குச் சாய்மானம் கிடையாது. துண்டு போட வசதியில்லை. ஆள் இல்லாவிட்டால் இல்லை என்று தெரிந்துவிடும். பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதே. கூடவே நாற்காலி வந்தது.

காலக்கணக்கையும் கவனிக்க வேண்டும். வருவாய்த்துறைக்கு ஆண்டு என்றால் பசலி. ஜூலை 1-இல் பிறக்கும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. ஆங்கில ஆண்டுக்குச் சுமார் 590 ஆண்டு பின்னால் நடக்கும் அலுவலகத்தில் "அடுத்த வாரம் வாங்க" என்றால், எந்தக் கணக்கில் அடுத்த வாரம் என்று கேளாமல் வந்துவிட்டு வருந்திப் பயனில்லை.

ஆள் நகர்வது போதாதென்று ஊரும் நகரும். செங்கோட்டையில் ஒரு பழைய வீடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் முதல் தென்காசி. சுவர் ஓர் அங்குலம் அசையவில்லை. கோப்பு மட்டும் ஊர் ஊராகப் போகிறது.

இ-சேவை மையம் வந்தபின் புதுக் கிளை ஒன்று தோன்றியுள்ளது: ஆள் இருக்கிறார், சர்வர் இல்லை. "சர்வர் போயிட்டு அண்ணாச்சி" என்கிறார்கள். சர்வர் துண்டு போட்டுவிட்டுப் போவதில்லை என்பதே வேறுபாடு.

ஒப்பீட்டுக்கு, வாசல் மரத்தடியில் மனு எழுதுபவரின் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொள்ளலாம். அது வேலை நாளில் காலியாகக் கிடந்து பார்த்தவர் இல்லை. அவருக்கு அரசுச் சம்பளமும் கிடையாது. துண்டு அவர் தோளிலேயே கிடக்கிறது. இதற்கு எதிர்முனையில் நிற்பவர் சுலோசன முதலியார். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர். ஆற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைப் பார்த்துத் தம் கைப்பணத்தில் பாலம் கட்டினார். 1843-இல் திறந்த அந்தப் பாலம் இன்றும் நெல்லையையும் பாளையையும் இணைக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து போனவர்களில் எங்கே போனார் என்று ஊருக்கே தெரிந்தவர் இவர்.

இனி முடிவு. துண்டு பொய் சொல்லவில்லை. பல இடங்களில் எழுந்து போனவர் டீக்கடையில் இல்லை. பக்கத்து ஊரின் நாற்காலியில் 'கூடுதல் பொறுப்பு' பார்க்கிறார். அங்கே காத்திருப்பவரிடம், அவர் இங்கே இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். ஆள் ஒன்று, நாற்காலி இரண்டு மூன்று. குற்றம் உட்காருபவர் மேல் பாதி, ஆள் போடாதவர் மேல் பாதி. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். அதுவரை, எந்தக் கிழமை எந்த ஊரில் என்று வாசலில் ஒரு சிலேட்டிலாவது எழுதிப் போடுங்கள்.