பீரோவுக்குப் பின்னால் சிங்கப்பூர்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கடலுக்கடியில் ஒரு கேபிள் வருகிறது. ஐ-டூ-ஐ என்று பெயர். 2002-ல் போட்டது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே சிங்கப்பூரில் கிளம்பிய சேதி ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் சென்னையில் கரையேறிவிடும். நாம் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் அது பல தடவை வந்து போய்விடும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 45 கிலோமீட்டர். அது அதற்கு ஒரு தூரமே இல்லை.

அப்படி ஓடி வந்த சேதிதான் ஒரு வீட்டின் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போக மூன்று வாரம் திணறியது. தூரம் பதினெட்டு அடி.

அந்த வீட்டில் குடியிருப்பவரும் இதை எழுதுபவரும் ஒருவரே. ஆனாலும் ‘வீட்டுக்காரர்’ என்றே குறிப்பிட்டுக்கொள்ள விரும்புகிறார். நடந்ததைத் தன் பெயரில் எழுத அவருக்குக் கூச்சம்.

வீடு இருப்பது கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வரும் லோக்கல் ரயில்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடும். சில மட்டும் சூலூர்ப்பேட்டை வரை போகும். வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் செல்போனே தெலுங்குக்கு மாறிவிடும். சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகள். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கும் அப்பால் வடகிழக்கில் ஸ்ரீஹரிகோட்டா. நெட் வரவில்லை என்றால் பழிபோட ஆள் தேடுகிறவருக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது.

முதல் பழியைப் போட்டவர் பக்கத்து வீட்டு அண்ணன். ரோலிங் மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு நொடியில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.

“தம்பி, ராக்கெட் விடப் போறாங்கன்னா இப்படித்தான் ஆகும். அவங்க ரேடாரைப் போட்டா நம்ம நெட்டு படுத்துக்கும். நேத்து எங்க வீட்லயும் சுத்திக்கிட்டே இருந்துச்சு, பாத்துக்கோ.”

சிரித்து ஒதுக்கிவிட முடியாத கருத்து இது. வைஃபை பயன்படுத்தும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு பகுதி ரேடார்களுக்கும் பொது. அங்கே இயங்கும் பல ரவுட்டர்களில், ரேடார் சத்தம் காதில் விழுந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வேறு சேனலுக்கு நகரும் ஏற்பாடு உண்டு. பெரியவர் வந்தால் திண்ணையை விட்டு எழுந்துகொள்வது மாதிரி. ஆனால் வீட்டுக்காரரின் கணினியில் செருகியிருந்த, விரல்நகம் அளவேயான டாங்கிள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தவிர வேறெதையும் அறியாத பழைய ரகம். ஆகவே ராக்கெட் நிரபராதி. அண்ணனிடம் இதைச் சொல்லும் தைரியம் வீட்டுக்காரருக்கு வரவில்லை.

விவகாரம் பெரிதானது மகளால். கல்லூரித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தவள், “அப்பா, மறுபடியும் மஞ்சள் முக்கோணம்” என்று குரல் கொடுத்தாள். வைஃபை குறியின் மேல் முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. கனெக்ட் ஆகியிருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று அதற்குப் பொருள். கல்யாண மண்டபத்துக்குள் விட்டுவிட்டார்கள், பந்தியில் இடம் இல்லை என்கிற நிலைமை.

கணினி வைஃபையில் சேர்ந்ததும் ரவுட்டரிடம் தனக்கொரு எண் கேட்கும். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கேட்டுக் கேட்டும் பதில் வராவிட்டால் தனக்குத்தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும், அது 169.254 என்று தொடங்கும். டோக்கன் கிடைக்காதவர் துண்டுச்சீட்டில் தானே ஒரு நம்பர் எழுதிக்கொண்டு டாக்டர் வாசலில் உட்காருவதற்குச் சமம். உட்காரலாம், கூப்பிடத்தான் மாட்டார்கள்.

சரியான எண் கிடைத்தாலும் விண்டோஸ் சுலபத்தில் நம்பாது. விண்டோஸ் 10 என்றால் மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரிக்குப் போய், அங்கே ஒரு குட்டிக் கோப்பைத் திறந்து, ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்த பிறகே இணையம் உண்டென்று ஒப்புக்கொள்ளும். உலகம் முழுக்க எத்தனையோ கணினிகள் அந்த மூன்று சொற்களை ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வாசகர் வட்டம் எந்தத் தமிழ் எழுத்தாளருக்கும் வாய்த்ததில்லை.

நெட்காரத் தம்பிக்குப் போன் போட்டால் ஒரே வைத்தியம்தான் சொன்னார். “பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே.” இந்த வைத்தியத்தைக் கேலி செய்யாதவர் கிடையாது. கேலிக்குரியது அல்ல. ரவுட்டரும் ஒரு கணினிதான். அதற்கும் கொஞ்சம் நினைவகம் உண்டு, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்கிற பேரேடு உண்டு. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடினால் சிலவற்றில் அந்தப் பேரேடு குழம்பிப்போகும். அணைத்து, அரை நிமிடம் பொறுத்து எழுப்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அரை நிமிடம் பொறுப்பதுதான் யாருக்கும் முடியாத காரியம்.

முக்கோணம் மறைந்தது. மந்தம் மறையவில்லை.

வீட்டுக்காரர் இப்போது வழக்கறிஞர் ஆனார். கூடத்தில் நின்று போனில் ஒரு படத்தை இறக்கிப் பார்த்தார்; வேகம் 5 என்று காட்டியது. உடனே தம்பியைப் பிடித்தார். “40 எம்பிபிஎஸ்னு சொல்லிக் காசு வாங்குறீங்க, 5தான் வருது. மீதி 35 எங்கே?” தம்பி பதறவில்லை. “அண்ணே, பிளான்ல இருக்கிறது பிட்டு. நீங்க பாக்கிறது பைட்டு. எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். நாற்பதை எட்டால வகுத்துப் பாருங்க.”

வகுத்துப் பார்த்தார். சரியாக ஐந்து. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று நம் பாட்டிமார் அளந்த அதே கணக்கு. ஆழாக்குக் கணக்கில் விலை சொல்லிவிட்டுப் படிக் கணக்கில் அளந்து போடுகிறார்கள், அவ்வளவுதான். இதில் மோசடி இல்லை. முகத்தில் அசடு வழிவதற்கு மட்டும் இடம் உண்டு. நம் நாட்டில் 2004-ல் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 256 கேபிபிஎஸ் என்றுதான் வகுத்தார்கள். பிறகு அது 512 ஆகி, 2023-ல்தான் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு வந்தது. கூடத்தில் நின்றால் வீட்டுக்காரர் பணக்காரர். படுக்கையறைக் கணினியின் முன்னால் உட்கார்ந்தால் 2004.

அப்படியானால் கோளாறு கடலிலும் இல்லை, கம்பத்திலும் இல்லை. வீட்டுக்குள்ளேதான்.

வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு புறம்போக்கு. அமெரிக்காவில் 1985-லும் இந்தியாவில் 2005-லும் அதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். புறம்போக்கு என்றால் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டுமா? புளூடூத் அங்கே இருக்கிறது, கம்பியில்லா மவுஸ் அங்கே இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. இந்த அடுப்பைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது ஒரு புதிரான சமிக்ஞை பதிவாகி வந்தது. 2015-ல்தான் காரணம் பிடிபட்டது: வேலை முடியும் முன்பே யாரோ பொறுமையில்லாமல் மைக்ரோவேவ் கதவைத் திறந்திருக்கிறார்கள். வானத்தை அளக்கிறவர்களுக்கே பதினேழு வருஷம் ஆனது என்ற செய்தி வீட்டுக்காரருக்குப் பெரிய ஆறுதல். அவர் வீட்டில் மைக்ரோவேவ் இல்லை என்பது வேறு விஷயம்.

பீரோ இருந்தது. கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி பதித்தது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள சுவரை ஒட்டி நின்றது. கூடத்துப் பக்கம் அதே சுவரில், டிவிக்குப் பின்னால், பிளாஸ்டிக் பூச்சாடியின் மறைவில் ரவுட்டர். ரேடியோ அலைக்கு மரக்கதவு ஒரு பொருட்டல்ல, செங்கல் சுவர் சின்ன இடைஞ்சல், கம்பி கட்டிய கான்கிரீட் பெரிய இடைஞ்சல். இரும்புத் தகடு என்றால் வந்த வழியே திரும்பிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகப் பூச்சும் அதே வேலையைச் செய்யும். கும்மிடிப்பூண்டி ஆலைகள் டிஎம்டி கம்பி உருட்டி ஊர் ஊராக அனுப்புகின்றன. உள்ளூரில் வீடு கட்டுகிறவர் அதில் கஞ்சத்தனம் காட்டுவாரா? ஊருக்குச் சோறு போடும் இரும்பே வீட்டுக்கு வரும் நெட்டை வழிமறித்தது.

“பீரோவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?” என்று வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

“கன்னி மூலையில இருக்கிற பீரோவைத் தள்ளணுமா? நல்லா இருக்குங்க. நெட்டு வேகமா வரும், காசு வேகமா போகும்” என்றார் மனைவி.

வாஸ்துவோடு வாதாட வைஃபைக்குச் சட்டம் இல்லை. ரவுட்டர்தான் இடம் மாறியது. கூடத்தின் நடுவே, நிலைப்படிக்கு மேலே, தலைக்கு மேல் உயரத்தில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்த ஓர் உறவினர் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கணினியில் வேகம் கொஞ்சம் ஏறியது.

அடுத்தது கணினியின் முதுகு. டாங்கிளும், கல்யாண வீடியோ இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கும் அங்கே நீல நிற யுஎஸ்பி 3.0 செருகிகளில் அருகருகே குடியிருந்தன. யுஎஸ்பி 3.0 கருவி ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஓர் இரைச்சல் எழும். கம்பியில்லாக் கருவிகளை அதிலிருந்து தள்ளி வையுங்கள் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மாவு மில்லுக்குள் நின்று ரகசியம் கேட்கப் பார்த்திருக்கிறது டாங்கிள். வீட்டுக்காரர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏறி, ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் வாங்கிவந்தார். போய்வர அரை நாள். பொருத்த அரை நிமிடம். முதுகுப்பக்கம் ஒளிந்திருந்த டாங்கிள் மேசைமேல் ஏறியதும் பக்கங்கள் பளிச்சென்று திறந்தன.

ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அப்போதுதான் அவர் ரவுட்டரின் உள்ளே நுழைந்தார். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் ஒரு வாசல் வரும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். பூட்டிய வீட்டின் சாவியை வாசலிலேயே மாட்டி வைத்த மாதிரி. உள்ளே, சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல். வீட்டில் இருப்பவை மூன்று போன், ஒரு டிவி, ஒரு கணினி. பட்டியலில் ஆறு இருந்தன. ஆறாவது ஒரு பழைய போன். அதன் சிக்னல் மெலிந்து ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. எங்கோ தூரத்தில், இரண்டு மூன்று சுவருக்கு அப்பால் இருக்கிற கருவி.

“பாஸ்வேர்டு யாருக்காவது சொன்னியா?” என்றார் மனைவியிடம்.

“கொலுவுக்கு வந்தவங்க யாரோ கேட்டாங்க. தண்ணி கேட்டா கொடுக்கிறதில்லையா?”

ஒரே ஒரு பழைய போன் என்ன செய்துவிடும்? நிறையச் செய்யும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வாய்ப்பு வரும். ஆனால் தூரத்தில் சிக்னல் மெலிந்த கருவி அதே சேதியைச் சொல்லப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை மற்றவர்கள் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003-ல் இதை அளந்து எழுதினார்கள்: மெதுவான ஒரு கருவி உள்ளே வந்தால் வேகமான கருவிகளும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். கும்மிடிப்பூண்டிக்காரருக்கு இதைப் பிரெஞ்சுக்காரர் வந்து விளக்க வேண்டியதில்லை. முன்னால் ஒரு சரக்கு ரயில் ஊர்ந்தால் பின்னால் வரும் லோக்கல் என்ன ஆகும் என்று சிக்னலில் நின்று நின்று அவருக்கே தெரியும். புதிய ரக ரவுட்டர்களில் இதற்கு மாற்று ஏற்பாடுகள் வந்துவிட்டன. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது புதிய ரகம் அல்ல.

அன்றிரவே பாஸ்வேர்டு மாறியது. மறுநாள் சாயங்காலம் ஆறரை மணி. மகள் பாடத்தின் வீடியோவை ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டு அண்ணன், கையில் பழைய போன், முகத்தில் கவலை.

“தம்பி, எங்க வீட்ல நேத்து ராத்திரிலருந்து நெட்டே இல்ல. இன்னிக்கு பெரிய ராக்கெட்டா விடுறாங்க?”