கழனிக்கு மஞ்சத்தண்ணி

மாப்ளே, கிரிவலப் பாதைக்குப் பக்கத்துல மனை வாங்கப் போறியாமே. தாராளமா வாங்கு. பெங்களூர்ல கண்ணு எரிய எரிய கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து சம்பாதிச்ச காசு, அண்ணாமலையார் அடியிலேயே போய்ச் சேரட்டும். மாமன் நாலு புத்தி சொல்றேன், கேட்டுக்க.

பத்திரம், பட்டா, வில்லங்கம்னு கேட்டு விக்கறவன் மனசை நோகடிக்காத. நுழைவு வளைவைப் பாரு. வளைவு பெருசா இருந்தா மனை நல்ல மனை. கலர் கொடி எத்தினி, ஷாமியானா இருக்கா, பிரியாணியில லெக் பீஸ் வருதா, இதுங்கதான் தஸ்தாவேஜு. பௌர்ணமி பாத்து வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போவான். கற்பூர வாசனையில எவனுக்கும் சர்வே நம்பர் கேக்கத் தோணாது பாரு.

"பஞ்சாயத்து அப்ரூவல் சார்"னு சொல்வான். தலையாட்டிடு. தலைவர் முத்திரை குத்தினா கழனி மனையாயிடும்னு நம்பித்தான் ஊர் ஊரா வாங்கிப் போட்டாங்க. 2016 செப்டம்பர் 9-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியாதேன்னு உத்தரவு போட்டுச்சு. அப்பத்தான் அவனவன் பீரோவைத் தொறந்து பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சான். அரசாங்கத்துக்கு எளகின மனசு. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வித்த மனைங்களுக்குப் பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு 2017-ல விதி கொண்டாந்துச்சு. அந்தத் தேதியைத் தாண்டி ஏமாந்தவனுக்கு அந்த எளக்கமும் இல்ல.

நெலத்துக்கு எசமான் பட்டாக்காரன்னு நீ நெனச்சிட்டிருக்க. பாதி எசமான் வரைபடம். 1971-ஆம் வருசத்து நகர் ஊரமைப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. அதுப்படி ஊருக்கு முழுமைத் திட்டம் போட்டு, எது குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம்னு கலர் பூசிடுவாங்க. வீட்டுக்கு மஞ்சள், கழனிக்குப் பச்சை. பச்சையில வீடு கட்டணும்னா நில உபயோக மாற்றம் வாங்கணும். மாறினாப்புறம் பாரு, வெட்டப் போற ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சாப்பல கழனி தலையை ஆட்டும். மறுநாள் ஜேசிபி வந்து நிக்கும்.

திட்டம் போட்டவுடனே ரகசியமா அமல் பண்ண முடியாது, தெரியுமா? அறிவிப்பு வெளியிட்டு, ரெண்டு மாசத்துக்குக் கொறையாம ஆட்சேபணை கேக்கணும்னு சட்டமே சொல்லுது. பேப்பர்ல போடுவாங்க. ராசிபலனுக்கும் இரங்கலுக்கும் நடுவுல, எறும்பு ஊர்ந்தாப்பல எழுத்துல. இதே ஊர்தான், 2002-ல தொல்லியல் துறை கோயிலை எடுத்துக்கப் போவுதுன்னதும் கொதிச்சு எழுந்துச்சு. பாதுகாக்கப்பட்ட சின்னம்னு அறிவிச்சுட்டா சுத்தி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்குக் கேட்டுத்தான் கட்டணும். மாட வீதிக்காரங்க சும்மா இருப்பாங்களா? பின்னால அந்த யோசனையைக் கைவிட்டாங்க. ஆக, நமக்கு ஆட்சேபிக்கத் தெரியாம இல்ல. தன் வீட்டுச் செவுத்துக்கு வந்தாத்தான் தெரியும்.

ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர், இதே கலர் பூசற வேலையைப் பத்தி ஹவாய் தீவுக் கதை சொன்னாரு. அங்கயும் நம்மளாட்டம் நெருப்பு மலைதான், அதையும் சாமின்னுதான் கும்புடறாங்களாம். 1961-லயே சட்டம் போட்டுட்டாங்க; இப்ப மொத்த நெலமும் நகரம், ஊர்ப்புறம், விவசாயம், பாதுகாப்புன்னு நாலாப் பிரிஞ்சு கெடக்குது. 9 பேர் கொண்ட ஆணையம். 15 ஏக்கருக்கு மேல வகை மாத்தணும்னா அவங்க முன்னாடி விசாரணை, 6 பேர் கை தூக்கணும். 15-க்குள்ள இருந்தா பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகமே பாத்துக்கும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம ஆளுங்க அங்க பொறந்திருந்தா மலையையே 14 ஏக்கர் 14 ஏக்கராக் கூறு போட்டிருப்பாங்க!

லேஅவுட் நீலப்படத்தைக் கையில கொடுப்பான். மூலையில பச்சையா 'பூங்கா'ன்னு போட்டிருக்கும். போய்ப் பாத்தா கருவேல முள்ளும் ரெண்டு ஆடும். பெரிய லேஅவுட்டுன்னா பத்துல ஒரு பங்கு பொது இடம் விடணும், ரோட்டையும் அதையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். கொடுத்தாத்தான் இறுதி ஒப்புதல். தானம் எழுதாத பூங்கா, பத்து வருசம் கழிச்சு 'கார்னர் பிளாட்'டா விலைக்கு வரும். அந்தப் படத்துல ஒரு கோணல் கோடு இருந்தா அது என்னான்னு கேளு. "பழைய வரப்பு சார்"னு சொல்வான். புலப்படத்தை வாங்கிப் பக்கத்துல வெச்சுப் பாரு; ஓடைன்னு எழுதியிருக்கும். தண்ணிக்குப் படிக்கத் தெரியாது, ஆனா வழி மறக்காது. வேங்கிக்கால் ஏரி நெறைஞ்ச வருசம் ரோட்டுப் பக்கம் போயிருந்தியானா நான் சொல்லவே வேணாம்.

மலையடிவாரம்தான் வேணும், ஜன்னலைத் தொறந்தா சாமி தெரியணும்னு தங்கச்சி ஆசைப்படறாளாம். 2024 டிசம்பர் 1-ந்தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில, வ.உ.சி. நகர்ல பாறையும் மண்ணும் சரிஞ்சு ஒரு வீட்டுக்குள்ள இருந்த 7 பேர் செத்துப் போயிட்டாங்க. அதுல 5 பேர் புள்ளைங்க. இதுல கிண்டல் பண்ண ஒண்ணுமில்ல. சரிவுல வீடு கட்டினவன் பேராசைக்காரன் இல்ல மாப்ளே, கீழ வாங்க வக்கில்லாதவன். ரோடு போட்டு, கரண்டு கொடுத்து, வரி ரசீதும் கிழிச்ச பின்னாடி, இது வீடு கட்டற இடமில்லன்னு சொல்றதுக்கு எந்த ஆபீசுக்கும் வாய் வராது. கலர் பூசறது பெரிய வேலை இல்ல. பூசின கலரைக் காப்பாத்தறதுக்குத்தான் இங்க ஆள் இல்ல.

2024-லயே நம்ம ஊரு மாநகராட்சியும் ஆயிடுச்சு. சுத்துப்பட்டுக் கழனியெல்லாம் இப்பவே "மாநகராட்சி எல்லைக்கு மிக அருகில்". வெலை ஏறிட்டே போவும், மனை விக்கறவன் அவசரப்படுத்துவான். "இந்த ஞாயித்துக்கிழமை டோக்கன் போட்டா ஒரு கிராம் தங்கக்காசு"ன்னு ஆசை காட்டுவான்.

அவன் ஏன் ஞாயித்துக்கிழமையே கேக்கறான்னு யோசிச்சியா? நகர் ஊரமைப்பு ஆபீஸ் அன்னிக்கு லீவு. நீ லெக் பீஸைச் சாப்புட்டுட்டு, சர்வே நம்பரையும் லேஅவுட் அப்ரூவல் நம்பரையும் ரெரா பதிவு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு வந்துடு. திங்கக்கிழமை காலையில மாமனும் கூட வரேன், பைசா கொடுக்காம போய்க் கேப்போம்.