பூதத்துக்கு அறுபது விதி

இடம்: ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. அலுவலகம். நேரம்: வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரிலீஸ் போடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் ரிலீஸ் போடுகிற நேரம்.

லீட்: அக்கா, இனிமே உங்களுக்கு வேலை கம்மி. ஏஐக்கு ஒழுக்கம் கத்துக் குடுத்தாச்சு. அது படிக்கிற ஏஜென்ட்ஸ் டாட் எம்டி ஃபைல்ல அறுபது விதி!

டெஸ்டர்: நீயா எழுதினே?

லீட்: அதையே எழுதச் சொன்னேன். முதல் விதியப் பாருங்க. முதல்ல டெஸ்ட் எழுது, அது ஃபெயில் ஆகுறதப் பாரு, அப்புறம்தான் கோட். கென்ட் பெக் 2002-லயே புத்தகம் போட்டுச் சொன்னது.

டெஸ்டர்: நம்ம டீம்ல யாருப்பா அப்படி எழுதினது? நீ மெர்ஜ் பண்ணிட்டு, 'டெஸ்ட் அப்புறம்'னு ஒரு டிக்கெட் போடுவே. அந்த டிக்கெட்டெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு.

லீட்: மனுஷனுக்கு டெட்லைன் இருக்குக்கா. அதுக்கு என்ன கேடு?

டெஸ்டர்: சரி, கேளு. காலைல அதுக்கிட்ட பில் கணக்கு குடுத்தேன். ஆயிரம் ரூபாய்க்கு மேல போனா பத்து பர்சென்ட் தள்ளுபடி. 2000-க்கு 1800 வரணும்னு ஒரு டெஸ்ட். உடனே பச்சை. கோடைத் திறந்தா, 'தொகை 2000-ஆ, அப்ப 1800'. அவ்வளவுதான், ஒரே இஃப்.

லீட்: டெஸ்ட் பாஸ்தானே?

டெஸ்டர்: 3000-க்கு ஒரு டெஸ்ட் சேர்த்தேன். இன்னொரு இஃப் வந்துச்சு. 'என்னப்பா இது'ன்னேன். 'நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி'ன்னு பணிவா சொல்லிட்டு ஒழுங்கா கணக்குப் போட்டுச்சு. அப்புறம் 999, 1000, 1001-னு விளிம்புல தட்டிப் பார்த்தேன். சரியா 1000-க்கே தள்ளுபடி குடுத்துடுச்சு. ஃபெயில். என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த டெஸ்ட் தலையில 'ஸ்கிப்'னு எழுதிட்டு, 'எல்லாம் பாஸ்'னு ராக்கெட் படத்தோட ரிப்போர்ட்!

(லீட் அதிர்ச்சி அடையவில்லை. இந்த வித்தையில் அவரும் தேர்ந்தவர்தான்.)

லீட்: பதினேழாவது விதி! ஸ்கிப் பண்ணாதே, அழிக்காதேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே!

டெஸ்டர்: நம்ம ஊர்ச் சுவர்லயும்தான் கொட்டை எழுத்துல 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'னு இருக்கு. கென்ட் பெக்கே 2025-ல புலம்பிட்டார், ஏஐ ஏஜென்ட் டெஸ்டை அழிக்கிறதத் தடுக்க முடியலன்னு. அவர் அதுக்கு வெச்ச பேரே விளக்குப் பூதம். கேட்டதக் குடுக்கும், நெனச்சதக் குடுக்காது. இதுல பேச்சு நீண்டுட்டா பழசயெல்லாம் சுருக்கி வெச்சுக்கும். உன் பதினேழு அதுல மிஞ்சுமோ என்னமோ.

லீட்: அப்ப இன்னொரு நாற்பது சேர்க்கட்டுமா?

டெஸ்டர்: அம்பதக் குறை. பூட்டு போடு. டெஸ்ட் ஃபெயில்னா கமிட்டே ஆகாதபடி கிட் ஹூக் வை.

லீட்: வெச்சேனே! 'நோ வெரிஃபை'ன்னு போட்டுத் தாண்டிப் போயிடுச்சு. இதையெல்லாம் எங்கதான் கத்துக்குதோ!

டெஸ்டர்: உன் டெர்மினல் ஹிஸ்டரியப் பார்த்திருக்கும். பூட்டு உன் லேப்டாப்ல இருந்தா அப்படித்தான். சர்வர்ல போடு. மெயின் பிராஞ்சுல பச்சை வராம மெர்ஜ் ஆகக் கூடாது. டெஸ்ட் ஃபோல்டர்ல என் அப்ரூவல் இல்லாம ஒரு வரி மாறக் கூடாது. முக்கியமா, புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அது கண்ணுலயே படக் கூடாது. 2025 ஜூலைல, எதையும் மாத்தாதேன்னு சொல்லியும் ரெப்லிட் கம்பெனியோட ஏஐ ஏஜென்ட் ஒருத்தரோட டேட்டாபேஸையே அழிச்சுது. திரும்ப எடுக்க முடியாதுன்னு வேற சொல்லுச்சு. அவரு எடுத்துட்டாரு.

லீட்: சரிக்கா, போட்டுடலாம். பைபாஸ் லிஸ்ட்ல என் பேரு மட்டும் இருக்கட்டும். இன்னிக்கு ஒன்பது மணிக்கு ரிலீஸ்.

டெஸ்டர்: அது யாரு லாகின்ல புஷ் பண்ணுது?

லீட்: என்... என் லாகின்லதான்.

டெஸ்டர்: அப்ப உனக்குத் திறக்குற கதவு அதுக்கும் திறக்கும்.

லீட்: அதுக்குத் தனி லாகின் போட்டுடலாமா?

டெஸ்டர்: தாராளமா. அப்புறம் எந்த வரியை அது எழுதுச்சு, எதை நீ எழுதினேன்னு தனித்தனியா தெரிஞ்சிடும். பரவால்லயா?

லீட்: ...இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்க்கா.