கயிற்றுக்குக் காவல், துறைமுகத்துக்குக் கடவுள் துணை

பல்லேகமவில் களு கங்கையில் கால் கழுவினால், அந்தத் தண்ணீர் அம்பன் கங்கையாகி, மகாவலியாகி, அணைகள் மனம் வைத்தால் கொட்டியாரக் குடாவில் போய் விழும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாசல் அது. ஆகவே அதை வெள்ளைக்காரன் காவல் காத்த லட்சணத்தைப் பேச நமக்கும் பாத்தியதை உண்டு.

கள்ளன் பிடிப்பதில் ஆங்கிலேயக் கடற்படை சூரப்படை. தங்கள் ஊர்க் கப்பல் தளங்களில் கயிறு திரிக்கும்போதே நடுவில் ஒரு நிற நூலை ஓடவிடுவார்கள். எத்தனை துண்டாக நறுக்கித் திருடினாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும். தச்சர்கள் மரச் சிராயை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றொரு சலுகை இருந்தது. அவர்களோ முழுப் பலகையையே அறுத்துச் சிராய் என்றார்கள். 1801இல் அதுவும் ரத்து. போதாதென்று 1860 முதல் லண்டன் பொலிஸ்காரரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

முழத் துண்டுக் கயிற்றுக்கு இத்தனை கெடுபிடி. முழுத் துறைமுகத்துக்கு?

1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையை டச்சுக்காரரிடமிருந்து பறித்தார். கோட்டையில் கொஞ்சம் பேரை விட்டுவிட்டுக் கப்பல்களோடு கிளம்பிவிட்டார். கண்டி ராசாவிடம் உடன்படிக்கை கேட்கத் தூதர் ஹியூ பாய்ட் போனார். 1762இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக பைபஸ் என்பவர் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனதை அரண்மனை மறந்திருக்கவில்லை. கம்பெனியோடு பேச்சில்லை, உங்கள் அரசரே கேட்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் பாய்ட்டைப் பிரெஞ்சுக்காரர் கடலில் வைத்து அமுக்கினார்கள். பாவம், போன காரியமும் இல்லை, வந்த வழியும் இல்லை.

ஆகஸ்டு கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்திறங்கினார். ஒரு கிழமைக்குள் கோட்டை கைமாறியது. சரணடைந்தவர்களுக்குச் சகல மரியாதையோடும் சென்னைக்குக் கப்பல் ஏற்பாடு! வீடு புகுந்தவன் காவல்காரனுக்கு பஸ் காசு கொடுத்தனுப்பிய மாதிரி.

ஹியூஸ் சாவகாசமாக செப்டம்பர் 2ஆம் தேதி வந்து சேர்ந்தார். விடிந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. அன்றே கடலில் சண்டை. சஃப்ரனின் சொந்தக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. ஹியூஸும் அடிபட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பிரெஞ்சுக்காரர் துறைமுகத்துக்குள் திரும்பி நுழையும்போது ‘லோரியாந்’ என்ற பெரிய போர்க்கப்பல் தரைதட்டி நாசமானது. அந்த வருடம் அந்த வாசல் தானாகப் பிடித்த ஒரே கள்ளன் அதுதான்.

சமாதானம் வந்ததும் துறைமுகம் டச்சுக்காரரிடமே போனது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி பறித்தார்கள். இந்த முறை 1957 வரை வாசலை விட்டு அசையவே இல்லை.