வேகத்தடைத் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வேகத்தடை அமைக்கும் அதிகாரம் படைத்த அனைவரும் (நெடுஞ்சாலை, மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, இரவோடு இரவாகத் தார் கொட்டும் தெருவாசிகள் உட்பட).

பொருள்: அதிவேகக் கார்களின் அடிவயிறு – வேகத்தடைகளின் உயரம் – இரண்டுக்கும் இடையே சமரசம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட வேகத்தடை வழிகாட்டி, எண் 99 (துறையின் அலமாரியில் இருக்கக்கூடும்).

ஐயா / அம்மையீர்,

அதிவேகக் கார் என்று இம்மனுவில் குறிப்பிடப்படுவது, தேவைக்கு மேல் பலம் கொண்ட எஞ்சினும் தேவைக்குக் கீழே தாழ்ந்த உடம்பும் உடைய நான்கு சக்கர வாகனம். முதலாவதைத் தமிழர்கள் 'பிக்கப்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டாவதைப் பற்றிக் கார் வாங்கும்போது எவரும் பேசுவதில்லை. வாங்கிய பின் வேறெதையும் பேசுவதில்லை.

இவ்வகைக் கார்கள் எங்கோ இத்தாலியில் செய்யப்பட்டு, கப்பலில் வந்திறங்கி, நம் சாலையைப் பார்த்து முகம் சுளிப்பவை என்ற எண்ணம் துறையில் இருக்குமானால் அது திருத்தப்பட வேண்டும். 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ, செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் பூட்டப்படுவது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 4.4 விநாடி. அறிமுக விலை 62.90 லட்சம். ஆகவே இது மண்ணின் மைந்தர் வகையைச் சேர்ந்தது. வெளியூர்க்காரருக்குக் காட்டும் கடுமையை இதனிடம் காட்டத் தேவையில்லை.

அரசுக்கும் இக்காருக்கும் முதல் சந்திப்பு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். புகையிலைக்கும் இக்காருக்கும் ஒரே படிநிலையில் இடம் கொடுத்திருப்பதில் உரிமையாளர்களுக்கு வருத்தமில்லை. இரண்டும் வீட்டில் சொல்லாமல் வாங்கப்படுபவைதான். வரி கேட்பதில் நாட்டில் இன்னும் சிறப்பான முன்னுதாரணங்கள் உண்டு. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, அது விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று உத்தரப் பிரதேச அரசு முடிவுசெய்து கேளிக்கை வரி கேட்டது. மூன்றே ஆண்டுகளில் கேளிக்கை முடிந்தது.

வரி கட்டி முடித்தவருக்குக் கிடைக்கும் வேகம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. சென்னை மாநகருக்குள் கார்களுக்கு 60 கி.மீ.; குடியிருப்புத் தெருக்களில் 30. விரைவுச்சாலைகளில் 120 வரை போகலாம் என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜூலை முதல் தயாராகும் எல்லாக் கார்களிலும் எச்சரிக்கை மணி கட்டாயம். 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலிக்கும். 387 குதிரைகளைப் பூட்டிய வண்டி, எஞ்சின் சூடேறும் முன்பே மணியடிக்கத் தொடங்குகிறது. அரை கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆறு சிலிண்டர் ஓசையை உரிமையாளர் கேட்பது இந்த மணியோசைகளுக்கு நடுவில்தான்.

இதில் மனுதாரர் தரப்புக்கு ஆட்சேபம் இல்லை. பொதுச்சாலையில் வேகம் ஆளைக் கொல்லும். அதை மறுப்பவர் ஓட்டும் காரில் ஏறாமலிருப்பதே நல்லது. சைலன்சரை அறுத்து ஊரை எழுப்புவோர் விஷயத்திலும் அப்படியே. 2019 திருத்தத்துக்குப் பின், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே கொடுத்தாலும் அக்கம்பக்கத்தார் கைதட்டுவார்கள். மனுவின் குறை வேகத்தைப் பற்றியதே அல்ல, வேகமில்லாத நேரத்தைப் பற்றியது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேகத்தடை மேல் ஏறும் அந்த நேரத்தைப் பற்றியது.

வழிகாட்டி எண் 99 சொல்வது எளிய வடிவியல். வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து வெட்டிய ஒரு வில். வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், உச்சியில் 10 செ.மீ. உயரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு அது ஒரு மெல்லிய தூக்கல். அதைவிட விரட்டி வருபவருக்கு உதை. மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை பூச வேண்டும். 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். இதை எழுதியவர்கள் காரின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது குனிந்து பார்த்தவர்கள்.

கணக்கு இது. மேற்படி காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.85 மீட்டர். வழிகாட்டி சொல்லும் மேடு அதைவிட நீளம். எனவே கார் மேட்டின் நடுவில் இருக்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே நிற்கும். சக்கர மட்டத்துக்கு மேல் மேட்டின் உச்சி 6 செ.மீ. மட்டுமே எழும். வயிற்றுக்கும் தரைக்கும் 13 செ.மீ. இடைவெளி உள்ள கார்கூட உரசாமல், மானத்தோடு, அப்பால் போய்விடும்.

நடைமுறையில் இருப்பது வேறு. சாலை போட்டு மிஞ்சிய தார்க்கலவையை, ரோலர் போன பிறகு மண்வெட்டியால் வாரிக் குவித்தால் என்ன வடிவம் வருமோ அதுதான் வடிவம். அகலம் முக்கால் மீட்டர் இருக்கலாம். உயரம் 15 செ.மீ. இருக்கலாம், அன்றைக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. முன் சக்கரங்கள் ஏறி இறங்கிவிடும். பின் சக்கரங்கள் வந்து சேர இன்னும் இரண்டு மீட்டர் இருக்கும். நான்கும் சமதரையில், நடுவே 15 செ.மீ. மேடு. 13க்குள் 15 போகாது என்பதை மெய்ப்பிக்க ஐஐடி நிபுணர் குழு தேவையில்லை.

அப்போது எழும் ஓசையை வைத்தே எது போயிற்று என்று உரிமையாளர்கள் சொல்லிவிடுவார்கள். 'சர்ர்' என்றால் முன் பம்பரின் கீழ் விளிம்பு, பெயின்ட்டோடு போயிற்று. 'கரகர' என்றால் எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கவசம். இரண்டு திருகு விழுந்திருக்கும், மீதி வழியெல்லாம் அது தரையில் இழுபடும். 'டங்' என்றால் எக்ஸாஸ்ட் குழாய். சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும் வரை வீட்டில் யாரும் உரிமையாளரிடம் பேசக்கூடாது.

இதற்கு உரிமையாளர்கள் கண்டுபிடித்த வழிகளில் முதன்மையானது குறுக்காக ஏறுவது. ஸ்டியரிங்கை ஒடித்து, எதிர்ச்சாலையையும் கொஞ்சம் கடன் வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் என்று மூலைவிட்டமாகப் போவார்கள். பின்னால் ஹாரன் அடிக்கும் ஷேர் ஆட்டோக்காரர், வண்டி பழுது என்று நினைத்து இரக்கப்பட்டு ஒதுங்குவதும் உண்டு. இன்னொரு வழி எடை குறைப்பது. மாமனார் மாமியார் உட்படப் பின்சீட்டுக்காரர்கள் அனைவரும் இறங்கி, தடைக்கு அப்பால் நடந்துபோய்க் காத்திருந்து, மறுபடி ஏறிக்கொள்வார்கள். தெருவோரத்து டீக்கடையிலிருந்து ஒருவர் தானாகவே வந்து குனிந்து, "வா... வா... இன்னும் வா... நிறுத்து!" என்று கைகாட்டுவார். வண்டி அப்பால் போனதும் அவர் கேட்கும் கேள்வி நாடு முழுவதற்கும் பொது: "சார், மைலேஜ் எவ்வளவு தருது?"

வெளிநாட்டுப் பொறியாளர்களும் தங்களால் ஆனதைச் செய்திருக்கிறார்கள். போர்ஷே 911இல் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பகுதி 4 செ.மீ. அளவுக்கு மேலே எழும். அண்மை மாடல்கள் ஜிபிஎஸ் மூலம் அந்த இடத்தை நினைவில் வைத்து, அடுத்த முறை அங்கே தானாகவே மூக்கைத் தூக்கும். வேகத்தடை ஓரிடத்தில் நிலையாக இருக்கும் பொருள் என்று ஜெர்மானியர்கள் நம்பியதில் தொடங்குகிறது சிக்கல். கேபிள் பதிக்கத் தோண்டியபோது காணாமல் போன மேட்டுக்கு இக்கார் ஆண்டுக்கணக்கில் வணக்கம் செலுத்திக்கொண்டிருக்கும். நேற்றிரவு கவுன்சிலர் வீட்டுக்கு முன் முளைத்ததில் நேராகப் போய் முட்டும்.

இவ்வளவும் செய்து வேகத்தடை யாரைத் தடுக்கிறது என்பதைத் துறை ஒரு நாள் ஓரமாக நின்று கவனிக்கலாம். மக்கள் வேகத்தடை கேட்டு மனு கொடுப்பது பெரும்பாலும் தண்ணீர் லாரிக்குப் பயந்து. தண்ணீர் லாரி அதே வேகத்தில், கொஞ்சம் தண்ணீரை மட்டும் சாலைக்குக் காணிக்கையாகத் தெளித்துவிட்டு, தாண்டிப் போகிறது. உயரமான எஸ்யூவிகளுக்கு மேடு இருந்த தகவலே கிடைப்பதில்லை. ஸ்கூட்டரில் போகும் வயதானவர் பட்டை பூசாத மேட்டை இருட்டில் பார்க்காமல் விழுகிறார். நின்று, குனிந்து, மரியாதை செலுத்திப் போவது மேற்படி கார் ஒன்றே. ஊரிலேயே வேகமான வண்டியை ஊரிலேயே மெதுவான வண்டியாக்கியது சாதனை என்று துறை கருதினால், அதை ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

துறைக்குத் திறமையில்லை என்றும் மனுதாரர்கள் சொல்லவில்லை. ஆதாரம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தூரம், 19 வளைவுகளோடு, இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. பாதைக்குச் சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனத்தின் சான்று வரச் சற்றுத் தாமதமானாலும், வந்தது. சிவானந்தா சாலையிலும் நேப்பியர் பாலத்தருகிலும் மேடு பள்ளமில்லாத தார்ச்சாலை, பகல்போல் விளக்கு. அதைப் பார்த்த உரிமையாளர்கள் சிலருக்குக் கண் கலங்கியது பந்தயத்தால் அல்ல. அத்தனை வழவழப்பான சாலையைப் போடத் தெரிந்த கைகள் வேளச்சேரியிலும் பெரம்பூரிலும் ஏன் நடுங்குகின்றன என்பது ஆய்வுக்குரியது.

வேளச்சேரி என்றதும் மழை நினைவுக்கு வருகிறது. தாழ்ந்த காரில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயும் தாழ்ந்தே இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் போனால், காற்றைப்போல் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். தனியாகப் பணம் கட்டி எஞ்சின் பாதுகாப்புச் சேர்த்திராதவருக்குக் காப்பீட்டு நிறுவனம் வருத்தம் மட்டும் தெரிவிக்கும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு மக்கள் வீட்டுக்கு நடந்தார்கள். எல்லா ரகக் காரும் சமமாக நின்ற அபூர்வக் காட்சி அது.

பெட்ரோல் இத்துறையின் கீழ் வராது என்பதால் சுருக்கமாக: 20 சதவீத எத்தனால் கலந்ததை ஊற்றினால் மைலேஜ் சற்றுக் குறைகிறது. மைலேஜ் எவ்வளவு என்ற கேள்விக்கு ஏற்கெனவே கூசிப் பதில் சொல்பவரிடம் இதற்கு மேல் எதையும் கேட்க வேண்டாம்.

உரிமையாளர்களைத் துறை குறுக்கு விசாரணை செய்ய விரும்பினால் ஒரு கேள்வி போதும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.717 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் இருக்கிறதே, வேகத்தடை இல்லாத அந்த இடத்துக்கு எத்தனை பேர் போகிறீர்கள்? அங்கே போனால் டயர் தேயும், பிரேக் தேயும். பழைய ஹேட்ச்பேக் வைத்திருக்கும் கல்லூரி மாணவன் முந்திப் போவான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்புவதில் அந்த அபாயம் இல்லை. பலம் முழுவதையும் பயன்படுத்த வேண்டுமென்று யாரும் வாங்குவதில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இது ஒரு குறைபாடுதான். ஆனால் பம்பரை உடைத்துத் தீர்க்க வேண்டிய குறைபாடு அல்ல.

எனவே கோரப்படுவதாவது: இருக்கும் மேடுகளை வழிகாட்டி எண் 99இன்படி 3.7 மீட்டருக்கு நீட்டித் தர வேண்டும். தார் பற்றாக்குறை எனில், ஒரே தெருவில் உள்ள நான்கு மேடுகளை வெட்டியெடுத்து ஒன்றாக்கிக்கொள்ளலாம். திறப்பு விழாவுக்கு முன்பே வெள்ளைப் பட்டை பூச வேண்டும். மேடு போடும் பொறுப்பாளருக்கு ஒரு சிறு தேர்வும் வைக்கலாம். 2025இல் கோல்ஃப் ஜிடிஐ கார் இந்தியாவுக்கு முதல் தவணையாக 150 மட்டும் வந்தபோது, முன்பதிவு செய்யவே வினாடி வினாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 53 லட்சம் கொடுக்க வந்தவர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். மண்வெட்டி எடுப்பவரிடம் 17 மீட்டர் ஆரம் என்றால் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்பது மிகையாகாது.

இப்படிக்கு,
தாழ்மையுடன் (தரையிலிருந்து 13 செ.மீ.),
அதிவேகக் கார் உரிமையாளர்கள் சார்பில்.

இணைப்பு: அடிக்கவசத்தின் உடைந்த துண்டு – 1, திருகு – 2.

நகல்: தண்ணீர் லாரி ஓட்டுநர்கள், தகவலுக்காக மட்டும்.